மண்ணு மேட்ச் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, வேட்டிகளுக்கு நடுவே படுத்திருந்த கோப்பையை இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். தட்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசியில் முகர்ந்தும் பார்த்தார்.

"வெள்ளியா?"

"பித்தளை சார். மேலே பூச்சு. அதுவும் பாதி போயிடுச்சு."

"மஸ்கட்லேர்ந்து எல்லாரும் தங்கம் கொண்டு வருவாங்க. நீங்க பித்தளை கொண்டு வர்றீங்க. எதுக்கு?"

"திருப்பிக் கொடுக்கணும்."

"யாருக்கு?"

"இன்னும் தெரியல சார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கை காட்டினார். கடத்தல்காரனுக்கு இதைவிடக் கொஞ்சம் புத்தி இருக்கும் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

மஸ்கட்டில் என் வீட்டு வாசலில் இந்தக் கோப்பை இருபது வருஷத்துக்கு மேல் குடை வைக்கும் பாத்திரமாக உத்தியோகம் பார்த்தது. அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் மழை என்பதால் வேலைப்பளு அதிகமில்லை. போன மாதம் என் மகள் குடைகளை வெளியே தள்ளிவிட்டு, இதைப் புளி போட்டுத் தேய்த்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். 'என் தந்தை ஒரு சாம்பியன்' என்று அங்கே ஐந்து நிமிஷம் பேசினாளாம். சாயங்காலம் வந்து, "அப்பா, கடைசி பால் எப்படி அடிச்சீங்க? மிஸ் கேட்டாங்க" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டா வேலை என்று வீட்டில் பொய் சொல்லி நாலு நாள் லீவு போட்டேன். பொய் சொல்வதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரு மைதானம் இருந்தது. கோடையில் அங்கே மண் தளத்தில் டென்னிஸ் போட்டி நடக்கும். நோட்டீஸில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர். ஜனங்களுக்கு அது வெறும் 'மண்ணு மேட்ச்'. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து லேத் ஓட்டுகிறவர், வெல்டர், லாரி ஷெட்காரர் எல்லாரும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டென்னிஸ் பணக்காரர்களின் ஆட்டம் என்ற செய்தி எங்கள் பக்கம் வந்து சேர ரொம்ப நாளாயிற்று.

ஏரி வண்டல், செங்கல் சூளைத் தூள், உப்பு எல்லாம் கலந்து கொட்டி, தண்ணீர் விட்டு, கல் உருளையை இழுத்து இழுத்துத் தளம் போடுவார்கள். தோற்றவன் உருளை இழுக்க வேண்டும், அதுதான் வழக்கம். தோற்ற வருத்தத்தோடு அடுத்த ஆட்டத்துக்குத் தளத்தைச் சமன் செய்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். பைனலில் தோற்றவன் அடுத்த வருஷத்துக்காக இழுப்பான். கோடு பார்க்க ஆள் கிடையாது. ஆள் எல்லாம் ஷிப்டில் இருப்பார்கள். பந்து யார் பக்கம் விழுந்ததோ அவன் வாய்தான் தீர்ப்பு. வலையைத் தாண்டிப் போய் அடையாளத்தைப் பார்ப்பது, பெண் பார்க்கப் போன வீட்டில் சமையலறைக்குள் நுழைவதைப் போன்ற மரியாதைக் கேடு. ஒருவரும் செய்ததில்லை.

கோப்பை சுழற்கோப்பை. ஜெயித்தவன் பெயரை வெட்டிக் கையில் கொடுப்பார்கள். ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு அடுத்த வருஷம் கொண்டு வர வேண்டும்.

கடைசியாக நடந்த வருஷம் பைனலில் நானும் பூந்தமல்லி ஜமாலும். ஜெயிப்பவனை ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அட்வான்டேஜ் ஜமால், அதாவது இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவனுக்கு ஆட்டமும் கோப்பையும் என்ற நிலையில் அவன் அடித்த பந்து என் இடது மூலைக் கோட்டில் விழுந்தது. கோட்டில் பட்டால் உள்ளே என்று கணக்கு. சுண்ணாம்புத் தூள் எழும்பியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "வெளியே" என்றேன்.

ஏணி மேல் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த கமிட்டி செயலாளர் ஏகாம்பரம் சார், "நெசமாவா?" என்றார். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. எல்லாத் தலையும் கேட் பக்கம் திரும்பியது. நான் ஷூவால் அடையாளத்தைத் தேய்த்தேன். ஜமால் எதிர்ப்பக்கத்திலிருந்து தலையாட்டிவிட்டு சர்வீஸ் போடப் போனான். பிறகு நான் ஜெயித்தேன். அவன் உருளை இழுத்தான். எனக்கு வேலை கிடைத்தது. அதை வைத்து மஸ்கட், அதை வைத்துக் கல்யாணம், வீடு, ஏ.சி. எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் ஒரு ஷூத் தேய்ப்பு.

முதல் நாள் திருநின்றவூரில் விடிந்தது. தங்கை புருஷன் கோபி ஏரி தெரிகிற மனை என்று சொல்லி வாங்கிக் கட்டிய வீடு. ஏரியைப் பார்க்க மாடிக்கு ஏற வேண்டாம், மழைக்காலத்தில் அதுவே ஹாலுக்கு வந்து தன்னைக் காட்டிவிட்டுப் போகுமாம். கோபி என் கையில் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், நாலு நாளு லீவுல வந்துட்டு சொம்பு தூக்கிகினு சுத்தறே" என்றான். கோப்பையின் கௌரவம் அன்றைக்கு அங்கிருந்தே இறங்க ஆரம்பித்தது.

மின்சார ரயிலில் நிற்க இடம் கிடைத்தது, அதாவது ஒரு காலுக்கு. மஸ்கட்டில் காருக்குள் உட்கார்ந்து சுருண்டுபோன இடுப்பு எலும்புகள் அம்பத்தூர் வருவதற்குள் நிமிர்ந்துவிட்டன. எதிரே நசுங்கிக்கொண்டிருந்தவர் கோப்பையைப் பார்த்து, "எதுல சார் ஜெயிச்ச?" என்று கேட்டார்.

"டென்னிஸ்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னப் பாத்தா கேரம் மாதிரி கீது."

மண்ணூர்பேட்டையில் மைதானம் இல்லை. அது எனக்கு எதிர்பாராத செய்தி அல்ல, இங்கே கிணற்றையே மூடிக் கார் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் பதினைந்து மாடியில் ஓர் அடுக்ககம் நின்றது. பக்கத்து மனையில் அதன் தம்பி எழும்பிக்கொண்டிருந்தான். கேட்டில் காவலாளி மறித்தார்.

"எந்த பிளாட்டு சார்?"

"பிளாட்டுக்கு வரலீங்க. முன்னாடி நான் இங்க டென்னிஸ் ஆடியிருக்கேன். இடத்தைப் பார்க்கணும்."

அவர் கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அதுக்கு ஆப்புல பட்டன் இல்ல சார். கெஸ்ட், டெலிவரி, வேலைக்காரங்க. மூணுதான் கீது."

கம்பி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு டென்னிஸ் தளம் இருந்தது. பச்சையும் நீலமுமாகச் சாயம் பூசிய சிந்தெடிக். அதன் ஓரத்தில், வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே நாலு குரோட்டன்ஸ் தொட்டி ஏற்றி வைத்த ஒரு கல் உருளை. ஒரு பக்க விளிம்பு உடைந்திருந்ததால் உடனே தெரிந்துவிட்டது. எங்கள் உருளைதான். ஆடியவர்களுக்கு உள்ளே போகப் பட்டன் இல்லை, உருளைக்கு நிரந்தர வீடு கிடைத்திருக்கிறது.

எதிரே தள்ளுவண்டியில் செட் தோசையும் வடகறியும் சாப்பிட்டேன். மஸ்கட்டில் இதே பெயரில் ஒன்று விற்கிறார்கள். அவர்களை நான் இனிமேல் மன்னிப்பதாக இல்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு வடநாட்டு இளைஞர்கள் என் கோப்பையைப் பற்றி இந்தியில் பேசிக்கொண்டார்கள். "கல்யாணப் பரிசா இருக்குமோ?" என்றான் ஒருவன். "இல்ல, மூஞ்சியப் பாரு. அடகு வைக்கப் போறாரு" என்றான் மற்றவன். மஸ்கட் எனக்கு இந்தி கற்றுக் கொடுத்திருக்கிறது. சில சமயம் கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இரண்டாம் நாள் ஆவடி. ஏகாம்பரம் சார் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனால் வீட்டில் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்படவில்லை. கோப்பையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டியா?" என்று அதனிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தினி லெட்டர் போட்டேன் தெரியுமாய்யா உனக்கு? எல்லாம் திரும்பி வந்துச்சு."

என் குடும்பம் வீடு மாறியிருந்தது, நான் கடல் தாண்டியிருந்தேன். அதைச் சொல்லிவிட்டு, போட்டி ஏன் நின்றது என்று கேட்டேன். நிலத்தை விற்றுவிட்டார்கள், தொழிற்சாலைகள் மூடின, பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஏதாவது சொல்வார், இரண்டு பேரும் சேர்ந்து காலத்தைத் திட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

"கப்பு வரலையே" என்றார்.

"புரியல சார்."

"கப்பு வரலய்யா. அதான் நடக்கல."

அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார். கமிட்டிக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு. 'சுழற்கோப்பை வந்து சேர்ந்தபின் போட்டி தேதி முடிவு செய்யலாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடுத்த கூட்டத்திலும் அதே வரி. அதற்கடுத்த கூட்டத்திலும் அதே வரி, ஏகமனது உட்பட. மைதானம் அப்போது அப்படியே இருந்ததாம். ஆடவும் ஆள் இருந்ததாம். கோப்பைக்காகக் காத்திருந்து காத்திருந்து, மூன்றாவது வருஷம் காலியாகக் கிடக்கும் நிலம் என்று யார் கண்ணிலோ பட்டு, அப்புறம்தான் எல்லாம் போயிற்று.

"புதுசா ஒரு கப்பு வாங்கியிருக்கலாமே சார்?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதைப் போலப் பார்த்தார். "புதுக் கப்புல பழைய பேரெல்லாம் எப்படிய்யா இருக்கும்?"

ஒரு வட்டாரத்தின் டென்னிஸ் சரித்திரத்தை முடித்து வைத்தது அரசாங்கமும் இல்லை, காலமும் இல்லை. என் வீட்டுக் குடைகள்.

அவருடைய மனைவி சேமியா உப்புமா கொண்டு வந்து வைத்தார். நான் கோப்பையை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினேன். வந்த காரியம் முடிந்தது, கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்ற கணக்கு. அவர் அதே மெதுவாக என் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

"கமிட்டி கலைஞ்சு போச்சு. இப்ப இத வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

"நீங்களே வெச்சுக்கோங்க சார்."

"நான் எப்படி வெச்சுக்கறது? ஜெயிச்சவன் கையிலதான் கப்பு இருக்கணும். ரூல் அதுதான்."

சொல்லிவிட்டு நோட்டில் வேறொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பைனலின் குறிப்பு. அழகான கையெழுத்தில் இருந்தது: 'அட்வான்டேஜ் ஜமால். பந்து வெளியே என்று சேகர் சொன்னார்.' சேகர் நான்தான். பந்து வெளியே என்று அவர் எழுதவில்லை. சேகர் சொன்னார் என்று எழுதியிருந்தார்.

"நான் எழுதறத சரியா எழுதுவேன்" என்றார். "உப்புமா ஆறிடும், சாப்பிடு."

சாப்பிட்டேன். ஒரு குற்றவாளிக்கு அவ்வளவு முந்திரி போட்டு உப்புமா செய்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பூந்தமல்லி. ஷேர் ஆட்டோவில் ஏழு பேர், ஒரு கோப்பை. மஸ்கட்டில் ஹாரன் அடித்தால் திட்டுவார்கள். இங்கே அடிக்காவிட்டால் திட்டுகிறார்கள். என் மடியில் இன்னொருவருடைய பை இருந்ததால் கோப்பை பின்னால் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து வந்தது. பஸ் நிலையத்தில் இறங்கினேன், ஒரு கிளாஸ் மோர் குடித்தேன், கையைத் துடைத்தேன், அப்புறம்தான் நினைவு வந்தது. ஆட்டோ போயே போய்விட்டது.

ஒரு நிமிஷம் எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. அதை ஒப்புக்கொள்கிறேன். தொலைந்துவிட்டது, நான் என்ன செய்ய முடியும், வீட்டுக்குப் போகலாம். அந்த நிம்மதி கால்மணி நேரம் நீடித்தது. ஆட்டோக்காரர் திரும்பி வந்தார். கோப்பைக்குள் யாரோ ஒரு கட்டு கொத்தமல்லியை மறந்து வைத்திருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, கஷ்டப்பட்டு ஜெயிச்சத இப்டியா வுட்டுட்டு போவே?" என்றார்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஜமாலின் கடை நெடுஞ்சாலை ஓரத்தில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே. குஷன் வேலை. லாரி சீட், வேன் சீட், சோபா எல்லாம் தைக்கிறான். மெட்ரோ வரும் வரும் என்று தூசி மட்டும் முன்கூட்டியே வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருந்தது. அவன் தலையில் பாதி நரை, பாதி பஞ்சு. பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டான்.

"அடப்பாவி, சேகரு! எப்ப வந்தே? இன்னாடா தொப்ப இது, வேற யாருதையாவது எடுத்துகினு வந்துட்டியா?"

பேச விடவில்லை. வீடு கடைக்குப் பின்னாலேயே. மத்தியானம் பிரியாணி, கத்தரிக்காய், தயிர் வெங்காயம். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. தட்டு காலியாகும்போதெல்லாம் அவன் மனைவி திரும்ப வைத்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கவளமும் இன்னொரு கவளம் ஆகட்டும் என்றது. கை கழுவிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன். கோடு, சுண்ணாம்புத் தூள், சங்கு, ஷூ. எதையும் விடவில்லை.

ஜமால் ஒரு லாரி சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தான். நான் பேசி முடித்தும் ஊசி நிற்கவில்லை. ஒரு முழ நீளம் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தான்.

"சாப்ட்டு முடிச்சிட்டு சொல்றியே" என்றான். "முன்னாடி சொன்னா சோறு போட மாட்டேன்னு நெனச்சியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஊட்டுக்கு போனதும் எங்க அத்தா கேட்டாரு. பாலு எங்கடா வுழுந்துச்சுன்னு. வெளிய அத்தான்னேன். நீ பாத்தியான்னாரு. சேகரு சொன்னான்னேன். அவன் பொய் சொன்னா இன்னா பண்ணுவேன்னு கேட்டாரு." ஊசியை நிறுத்தினான். "அத்தாகிட்ட சண்ட போட்டேன்டா. உனுக்காக. ரெண்டு நாளு அவராண்ட பேசல."

அவனைப் பெற்ற அத்தா இப்போது இல்லை. அதை அவன் சொல்லவில்லை, சுவரில் மாட்டியிருந்த படம் சொன்னது. வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோப்பையை அவன் முன்னால் வைத்து, "இது உன்னுதுடா" என்றேன்.

அவன் அதைத் தொடவில்லை. "நீ குடுப்ப, நான் வாங்கிக்கணும். இன்னா தர்மம் பண்றியா?"

"இல்லடா..."

"ஜெயிச்சி வாங்கறேன். நாளைக்கி காத்தால மண்ணூர்பேட்டைக்கு வா. அந்த பாயிண்ட ஆடுவோம்."

"அங்க உள்ளயே வுட மாட்டாங்கடா. பட்டன் இல்லியாம்."

"அந்த கிளப் அவுஸு சோபா பூரா நான் தச்சது. வா நீ."

நாலாம் நாள் காலையில் அடுக்ககத்தின் காவலாளி ஜமாலுக்கு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். அவன் பின்னால் நானும் நுழைந்தேன். எந்தப் பட்டனில் நுழைந்தேன் என்று தெரியவில்லை, அநேகமாக வேலைக்காரங்க. கிளப் அலமாரியிலிருந்து இரண்டு பேட்டும் ஒரு டப்பா பந்தும் கிடைத்தன. ஆறு மணிக்கு வர வேண்டிய குடியிருப்போர் எவரும் தளத்துக்கு வரவில்லை. எல்லாரும் உள்ளே ஏ.சி. அறையில் நகராத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதல்லவா, அதன் சிமெண்ட் தூசி தளம் முழுக்க மெல்லிசாகப் படிந்திருந்தது. கால் வைத்தால் தடம் பதிந்தது. எத்தனை கோட்டிங் சிந்தெடிக் போட்டாலும் மண்ணூர்பேட்டை தன் மண் தளத்தை விட்டுக் கொடுக்காது போலிருக்கிறது.

ஜமால் லுங்கியை மடித்துக் கட்டினான். முழங்காலில் கட்டு. நான் இரண்டு முறை குதித்துப் பார்த்து, மூன்றாவதை ரத்து செய்தேன். கோப்பை உருளைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது.

"அட்வான்டேஜ் ஜமாலு" என்று அவனே சொல்லிக்கொண்டு சர்வீஸ் போட்டான்.

பந்து வேகமாக வந்தது, ஆனால் நீளம். கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே விழுந்ததை நன்றாகப் பார்த்தேன். நான் பேட்டை அசைக்கவே இல்லை.

"உள்ளே!" என்று கத்தினேன். "ஆட்டம் உனக்கு ஜமாலு! ஜெயிச்சிட்டே!"

இருபது வருஷத்துக் கணக்கு ஒரு வார்த்தையில் நேராகிவிட்டதாக எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

ஜமால் சிரிக்கவில்லை. பேட்டைக் கீழே வைத்தான். வலைக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான். மண்ணு மேட்ச் நடந்த அத்தனை வருஷத்தில் ஒருவரும் செய்யாத காரியம். குந்தி உட்கார்ந்து தூசியில் பதிந்திருந்த வட்டத்தைப் பார்த்தான். அதற்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரலை வைத்தான். இரண்டு விரலும் தாராளமாக உட்கார்ந்தன.

"அன்னிக்கி உள்ள வுழுந்தத வெளியன்னே. இன்னிக்கி வெளிய வுழுந்தத உள்ளன்றே" என்றான் நிமிர்ந்து பார்க்காமல். "உன் பொய்யில தோத்தேன் நைனா. உன் பொய்யிலயே ஜெயிக்கவும் சொல்றியா?"

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அடையாளத்தைக் கையால் தேய்த்து அழித்தான். சர்வீஸில் முதல் பந்து தவறினால் இன்னொன்று உண்டு, அதைப் போடத் தன் பக்கம் திரும்பிப் போனான்.

"செகண்ட் சர்வீஸு. ஒழுங்கா ஆடு."

ஒழுங்காக ஆடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதுவரை எதற்கும் அப்படி ஓடியதில்லை. அவனை வலப்பக்கம் ஓட விட்டேன், கட்டுப் போட்ட காலென்று பார்க்காமல். அவன் என்னை இடப்பக்கம் இழுத்தான். என் தொப்பை என்னைவிட அரை அடி தாமதமாகத் திரும்பியது. பந்து நாலைந்து தடவை அங்கும் இங்கும் போயிருக்கும். நான் அடித்தது குட்டையாக விழுந்தது. அவன் முன்னால் வந்து, அவனுக்குத் தெரிந்த அதே பழைய அடியை, இடது மூலைக்கு அடித்தான்.

துரத்தினேன், எட்டவில்லை. பந்து எனக்கு முன்னால் விழுந்து கம்பி வேலியில் போய் மோதியது. குனிந்து பார்த்தேன். பாதி வட்டம் வெள்ளைக் கோட்டின் மேல், பாதி வட்டம் வெளியே.

மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தேன். என் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு? எனக்காக ஒரு பொய், அவனுக்காக ஒரு பொய், இரண்டையும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். வரட்டும், வந்து விரல் வைத்துப் பார்க்கட்டும் என்று அடையாளத்தை மிதிக்காமல் தள்ளி நின்றேன்.

"உள்ளே" என்றேன். இந்த முறை கத்தவில்லை.

ஜமால் வலைக்கு அந்தப் பக்கம் லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். வலைக் கம்பம் அவனுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. அவன் அதன் பக்கம் போகவில்லை.

"செரி" என்றான்.

அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாகத் தூசியும் இருந்தது. அவன் நேராகப் போய்க் கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தான் தைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். கடைசிப் பெயரை விரலால் தடவினான். என் பெயர். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

"தோத்தவன் இன்னா பண்ணணும்?" என்றான்.

உருளையிடம் போனேன். தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். அடியில் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள், அசையவில்லை. காவலாளி ஓடி வந்து, "சார், சார், செகரெட்டரி திட்டுவாரு சார்" என்று கெஞ்சினார். தொட்டிகளைத் திரும்ப ஏற்றிவிட்டு, அவரிடமிருந்து தென்னந்துடைப்பத்தை வாங்கிக்கொண்டேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் தளம் முழுக்கப் பெருக்கினேன். என் கால் தடம், அவன் கால் தடம், பந்து விழுந்த வட்டம் எல்லாம் போயிற்று. அடுக்ககத்துச் சைக்கிள் ஆட்கள் கண்ணாடி வழியாகப் புது வேலைக்காரனைப் பார்த்தார்கள்.

சட்டை நனைந்து, இடுப்புப் பிடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கப் போனேன்.

"அந்த மூலைய வுட்டுட்டியே" என்றான் ஜமால். "அடுத்த வருசம் ஆட வேணாமா?"

திரும்பிப் போய் மூலையைப் பெருக்கினேன்.